ஷெட்டில் நிற்கும் அமெரிக்கக் காரை விற்பவர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பெரிய வீடு ஒன்று விலைக்கு வருகிறதென்றால், பல சமயம் அதன் கார் ஷெட்டும் சேர்ந்தே திறக்கப்படுகிறது. உள்ளே ஒரு டாட்ஜ், பிளிமத், இல்லை செவர்லே. ஓடி எத்தனையோ வருஷமாயிருக்கும். வீட்டில் விவரமான ஒரு தம்பி ‘நான் வித்துத் தர்றேன்’ என்று கிளம்புவார். பழைய கார்களைக் கைமாற்றிவிடும் என்னைப் போன்றவர்கள் போய்ப் பார்ப்பதற்குள் காரின் மதிப்பில் பாதி போயிருக்கும். வருகிற தம்பிகள் மாறுகிறார்கள், செய்கிற வேலை மாறவில்லை.

தூசி தட்டாமல் காட்டுவது, டயரில் காற்றில்லாமல் நிறுத்துவது இதெல்லாம் ஒரு தவறே இல்லை, விட்டுவிடுகிறேன்.

ஷெட்டைக் காலி செய்வது

எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் இதில்தான். விற்பதென்று முடிவானதும் முதல் வேலையாகக் காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு ஷெட்டைத் துடைத்துவிடுகிறார்கள்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீடு. 1950களின் தொடக்கத்து டாட்ஜ் கிங்ஸ்வே. பெட்ரோல் செலவுக்குப் பயந்து எப்போதோ டீசல் இன்ஜின் மாற்றியிருந்தார்கள். தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் காரை விட எனக்குப் பிடித்தது, பின்னால் சுவரோரம் கோணிச்சாக்கு போர்த்திக் கிடந்த அசல் ஆறு சிலிண்டர் இன்ஜின். நேரில் போனால் ஷெட்டில் பினாயில் வாசம். தரையில் விளக்குமாற்றுத் தடம்கூட அழியவில்லை. “நீங்க வர்றீங்கன்னுதாண்ணே சுத்தமா வச்சிருக்கோம்” என்றார். இன்ஜின் இரும்பு விலைக்கு எடை போட்டுப் போயாயிற்று. அதோடு ஒரு பிஸ்கட் டின்னும் போயிருக்கிறது: கண்ணாடி சுற்றும் கைப்பிடிகள், பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி, கதவோரக் குரோம் பட்டைகளின் கிளிப்புகள். பானட் நுனியில் இருக்க வேண்டிய ஆட்டுக்கிடா பொம்மையைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளாக விற்றுவிட்டார்களாம். “வேணாம்டா, யாராவது கேப்பாகன்னு சொன்னேன். என் பேச்சை யாரு கேக்குறா” என்று முகப்பில் உட்கார்ந்திருந்த ஆச்சி சொன்னார். அந்த வீட்டில் கார் விற்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்காக விளக்கமாகவே சொல்கிறேன். அந்தக் காலத்தில் பம்பாயில் பிரீமியர் கம்பெனி பாகங்களைப் பூட்டித் தயாரித்த டாட்ஜ், பிளிமத், டி சோட்டோ எல்லாம் ஏறக்குறைய ஒரே பிளிமத் உடம்புதான்; முகமும் பெயரும்தான் வேறு. அதனால் பிரேக், பேரிங், கேஸ்கெட் போன்ற சாமான்களை இன்றும் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கலாம். ஆனால் கிங்ஸ்வே அமெரிக்காவில் விற்ற மாடல் இல்லை. கனடாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போனது. அதன் பெயர் எழுத்துகளை அமெரிக்காவில் தேடிப் பயனில்லை. அதைவிட, அவர்கள் ஊரில் ஸ்டியரிங் இடப்பக்கம். நம் வலப்பக்க ஸ்டியரிங் காருக்கான டேஷ்போர்டு அங்கே எந்தக் கிடங்கில் கிடைக்கும்? துருப்பிடித்த தரைத் தகட்டை நல்ல டிங்கர் வெட்டிப் புதிதாக வைத்துவிடுவார். தொலைந்த குரோம் பட்டைக்கு அவரிடமும் வழியில்லை. வாங்குபவர் விலை கட்டும்போது துருவை விட ‘என்னென்ன இல்லை’ என்பதைத்தான் எண்ணுவார்.

அப்புறம் சட்டம். 50 வயது தாண்டிய கார்களுக்கு மத்திய அரசு 2021-இல் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. ‘விஏ’ என்ற எழுத்துகள் சேர்ந்த எண், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். கார் பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பள்ளத்தூர்க் காரின் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருந்தது பெட்ரோல் இன்ஜினின் எண். டீசல் மாற்றியதை யாரும் பதியவே இல்லை. புத்தகத்தோடு பொருந்திய அந்த ஒரே இன்ஜினைத்தான் கிலோக் கணக்கில் போட்டுவிட்டார்கள். அந்தக் காரை நான் எடுக்கவில்லை.

ஆகவே, ஷெட்டைத் திறந்ததும் படம் எடுங்கள், மறுபடி பூட்டுங்கள். வாங்குபவர் பார்க்கும்வரை ஒரு திருகாணிகூட வெளியே போகக் கூடாது. எலி கடித்த சீட் துணியும் இருக்கட்டும், புதிதாகத் தைப்பவருக்கு அதுதான் மாதிரி. ஜாக்கி, சாவி, கம்பெனிப் புத்தகம் எல்லாம் ஷெட்டில்தான் இருக்கும் என்றில்லை. மாடி அறை, பழைய அலமாரி எல்லாவற்றையும் ஒரு தடவை குடைந்துவிடுங்கள்.

பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது

வாங்க வருபவர் சட்டைப் பையில் காந்தத்துண்டு இருக்கும். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் அது ஒட்டாது. புது பெயிண்டைப் பார்த்ததும் அவருக்கு எதை மறைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் முதலில் வரும். போதாததற்குக் கதவுத் தூணில் இருக்கும் எண் தகட்டின் மேலும் சேர்த்து அடித்துவிடுவார்கள். ஓட்டை இருந்தால் ஓட்டையாகவே காட்டுங்கள்.

ஸ்டார்ட் செய்து காட்டுவது

பக்கத்து வீட்டு காரிலிருந்து 12 வோல்ட் பேட்டரியை எடுத்து வந்து மாட்டுவார்கள். இந்தக் கார்களில் பல 6 வோல்ட். அந்தக் கால டாட்ஜ், பிளிமத்தில் பாசிட்டிவ்தான் எர்த்; அதாவது இன்றைய கார்களுக்கு நேர்மாறாக, பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். பல்பு, மீட்டர் எல்லாம் புகைந்துவிடும். இறுகிய இன்ஜினை மல்லுக்கட்டிச் சுற்றினால் பிஸ்டன் ரிங்கும் உடையலாம். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். ‘சுற்றுகிறது’ என்று சொல்ல முடிந்தாலே நல்ல விலை வரும்.

பங்காளிகளைக் கேட்காமல் டோக்கன் (முன்பணம்) வாங்குவது

ஆர்.சி. இன்னும் காலமான ஐயா பெயரில்தான் இருக்கும். சிங்கப்பூரில் இருப்பவர், சென்னையில் இருப்பவர் என்று எல்லா வாரிசுகளும் சம்மதித்து, படிவம் 31 கொடுத்து ஒருவர் பெயருக்கு மாற்றிய பிறகுதான் விற்பனைக்கான 29, 30. இந்த வட்டாரம் இருக்கும் சிவகங்கை தனி மாவட்டமானதே 1985-இல்தான். அதற்கு முந்தைய பதிவு என்றால் பழைய ஏடு எந்த ஆபீஸில் இருக்கிறதென்று முதலில் விசாரியுங்கள். டோக்கன் வாங்கிய பிறகு இதையெல்லாம் தொடங்கினால் வாங்குபவர் பொறுக்க மாட்டார்.

விலை

அமெரிக்க ஏல விலையை ரூபாயில் பெருக்கிச் சொல்லாதீர்கள். அது பழுதுபார்த்துப் பூட்டி முடித்து ஓடுகிற காருக்கு.

லாரியில் ஏற்றுவது

டாட்ஜ், பிளிமத், டி சோட்டோவில் இடப்பக்கச் சக்கர போல்ட்டுகளுக்கு எதிர்மரை. வழக்கம்போல் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். பஞ்சர் கடைத் தம்பி ஸ்பானரில் குழாய் மாட்டி ஏறி மிதிப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.