குடும்பமாகவும் குழுவாகவும் உதவத் தொடங்குவது எப்படி?

உதவ வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் பெரும்பாலோர் வீட்டு அலமாரியைத் திறந்து, தமக்குத் தேவைப்படாதவற்றை மூட்டை கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. யாருக்கு உதவப் போகிறோமோ அவர்களிடம், அல்லது அவர்களோடு அன்றாடம் பணிபுரிபவர்களிடம், என்ன தேவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு முதியோர் இல்லத்தையோ காப்பகத்தையோ தேர்ந்தெடுத்தால், பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து இந்த மாதம் எது தீர்ந்துபோகிறது, எது ஏற்கெனவே மிதமிஞ்சிக் கிடக்கிறது, பொருள்களை வைக்க இடம் இருக்கிறதா, எந்த நாளில் வந்தால் அவர்களுடைய வேலைக்கு இடைஞ்சல் இராது என்று கேளுங்கள். இவற்றுள் இரண்டாவது கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும். கொடுப்பவரின் மனம் நோகக்கூடாது என்று வேண்டாத பொருள்களையும் வாங்கி அடுக்கிவைக்கும் இல்லங்கள் பல. நீங்களாகக் கேட்டால்தான், பழைய துணி போதும், பெரியவர்களுக்கான டயப்பர்தான் தட்டுப்பாடு என்று மனம்விட்டுச் சொல்வார்கள்.

கேளாமல் அனுப்பிய உதவி எவ்வளவு பெரிய சுமையாகும் என்பதற்குப் போஸ்னியப் போர் ஒரு சான்று. 1992க்கும் 1996க்கும் இடையில் அங்கு வந்து சேர்ந்த மருந்துகளில் ஏறத்தாழ 17,000 டன் வரை பயன்படாதவை என்று மதிப்பிடப்பட்டது. மருந்து நன்கொடைக்கான நெறிமுறைகளை உலக சுகாதார நிறுவனம் 1996இல் வெளியிட்டது. சென்று சேரும்போது மருந்தின் காலாவதிக்குப் பொதுவாக ஓராண்டாவது மீதமிருக்க வேண்டும் என்றும், ஒரு நோயாளிக்கு வழங்கித் திரும்பி வந்த மருந்தை நன்கொடையாக அளிக்கக் கூடாது என்றும் அது கூறுகிறது. ஆகவே வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைச் சேகரிக்கும் திட்டம் எதையும் தொடங்க வேண்டாம். பேரிடர்க் காலத்தில் குழந்தைகளுக்கான பால்மாவையும் அதேபோல் தவிர்க்க வேண்டும். சுத்தமான நீரும் புட்டிகளைக் கொதிக்கவைக்கும் வசதியும் இல்லாத இடத்தில் அது நோயைக் கொண்டுவருவதோடு, தாய்ப்பால் கொடுப்பதையும் குலைத்துவிடும்.

பல நேரங்களில் பணமே சிறந்த உதவி. தேவையானதை அருகிலேயே வாங்கிக்கொள்ளலாம், போக்குவரத்துச் செலவும் மிச்சம். குழுவாகப் பணம் திரட்டினால் ஒருவர் வாங்க, மற்றொருவர் கணக்கெழுத வேண்டும்; ரசீதுகளைப் படமெடுத்து மாதம் ஒருமுறை எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். நண்பர்களுக்குள் கணக்கெதற்கு என்ற தயக்கத்தாலேயே நல்ல குழுக்கள் மனக்கசப்பில் கலைகின்றன.

பொருளாகவே கொடுப்பதென்றால் அளவுகளைத் தெரிந்துகொண்டு திட்டமிடலாம். மனிதநேய உதவிக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் ஸ்பியர் கையேடு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் நீரும், மாதமொன்றுக்கு 250 கிராம் குளியல் சோப்பும் 200 கிராம் சலவை சோப்பும் வேண்டும் என்கிறது. அதன்படி ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு மாதப் பெட்டி தயாரித்தால் ஒன்றேகால் கிலோ குளியல் சோப்பும் ஒரு கிலோ சலவை சோப்பும் அதில் இருக்க வேண்டும். ஆளுக்கொன்றாக ஐந்து சிறு கட்டிகளை வைத்து மூடினால் பத்து நாளில் தீர்ந்துவிடும்.

துணி கொடுக்கும்போது ஒவ்வொன்றையும் துவைத்து, வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். பொத்தான்கள் முழுமையாக இருக்கின்றனவா, ஜிப் மேலும் கீழும் தடையின்றி ஓடுகிறதா, அக்குளிலும் கழுத்துப் பட்டையிலும் கறை இருக்கிறதா என்று கவனித்து, நம் வீட்டுப் பிள்ளைக்கு அணிவிக்கத் தயங்குவோம் என்று தோன்றினால் ஒதுக்கிவிடுங்கள். பிறகு ஆண், பெண், குழந்தை என்று பிரித்து, வயதையும் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள்; மேலே ஒட்டினால் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பின் தெரியாது. இந்த வேலையில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கூர்மையாக இருப்பார்கள். பொம்மைகளையும் அவர்களே பிரிக்கலாம். கழன்று வரும் சிறு பாகங்கள் உள்ளவை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம்.

சமைத்த உணவு வழங்குவோர் நேரத்தையும் வெப்பத்தையும் விட்டுக்கொடுக்கவே கூடாது. உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகவே இருக்க வேண்டும். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைப் பரிமாறக் கூடாது. சமைத்து முடித்த நேரத்தைப் பாத்திரத்தின் மேல் எழுதிவிட்டால் வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

பெரிய குழுக்களுக்கு இரத்ததானத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஒருமுறை ஏறத்தாழ 450 மில்லிலிட்டர் எடுப்பார்கள். பொதுவாக 18 வயது நிறைந்து, 50 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர்கள் கொடுக்கலாம். ஆனால் எல்லோரும் ஒரே நாளில் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிவப்பணுக்களை 42 நாட்கள் வரை பாதுகாக்கலாம், தட்டணுக்களோ பெரும்பாலும் ஐந்து நாட்களே தாங்கும். இருபது பேர் உள்ள குழு, உலக இரத்ததான நாளான ஜூன் 14 அன்று மொத்தமாகப் போய் நிற்பதைக் காட்டிலும், இரத்த வங்கியோடு பேசி, ஆண்டு முழுவதும் மாதத்துக்குச் சிலராகப் பிரிந்து கொடுப்பது நோயாளிகளுக்கு மிகவும் பயன்படும்.

பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, பிறருடைய துயரத்தை அவர்களுக்குப் பாடமாகக் காட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு முதியவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவது, அவர் சொல்லும் கடிதத்தை எழுதித் தருவது போன்ற உண்மையான வேலையைக் கொடுங்கள். குழந்தைகள் காப்பகம் என்றால் இன்னும் கவனம் தேவை. ஒரு நாள் வந்து கொஞ்சிவிட்டு மறுபடி வராமல் போகும் அந்நியர்களால் அங்குள்ள பிள்ளைகளின் மனம் காயப்படுகிறது. தொடர்ந்து வர முடியாதவர்கள் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, பணியாளர்களின் தேவை ஆகியவற்றுக்கு உதவினால் போதும். பெறுபவரின் கையில் பொருளைக் கொடுத்து நிற்கவைத்துப் படமெடுக்கும் வழக்கத்தை எந்தக் குழுவும் முதல் நாளிலேயே கைவிட வேண்டும். பதிவு தேவையென்றால் அடுக்கிய பெட்டிகளைப் படமெடுத்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் சிறிதாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்துக்கு மாதத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் போதும். அந்த நாள் மாறாதிருக்க வேண்டும், ஏனெனில் எதிர்முனையில் காத்திருப்பவர் அதை நம்பித் தம் வேலையை வகுத்துக்கொள்கிறார். குழுவில் ஒவ்வொரு பொறுப்புக்கும் மாற்று ஆள் ஒருவர் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளரிடம் பழைய கேள்விகளையே மீண்டும் கேட்டு, தேவை மாறியிருந்தால் திட்டத்தையும் மாற்றுங்கள். தொடர முடியாத நிலை வந்தால் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே சொல்லி, தொடர்பு எண்களையும் கணக்கேட்டையும் அடுத்துப் பொறுப்பேற்பவரிடம் நேரில் ஒப்படைத்துவிடுங்கள்.