பழைய நிறுவன சர்வரை வீட்டுக்குள் அமைதியாக ஓடவைப்பது எப்படி

தரவு மையங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் சர்வர்கள், வீட்டில் கோப்புகளைச் சேமிக்கவும் காப்பு நகல் எடுக்கவும் இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகளை ஓட்டவும் வேண்டியதைவிடப் பல மடங்கு திறன் கொண்டவை. பிழை திருத்தும் இசிசி ரேம், மானிட்டர் இல்லாமலே தொலைவிலிருந்து இயக்கும் வசதி, எட்டு டிஸ்குகளைப் பூட்டும் இடம் ஆகிய மூன்றும் சாதாரண மேசைக் கணினியில் ஒருசேரக் கிடைப்பது அரிது. ஆனால் இவை மனிதர் உட்காராத அறைக்காக வடிவமைக்கப்பட்டவை என்பதால், முதன்முறை சுவிட்சை அழுத்தியதும் விசிறிகள் அலறுவதைக் கேட்டு அன்றே விற்றுவிட நினைப்பவர்கள் உண்டு. பொருத்தமான பெட்டியைத் தேர்ந்தெடுத்து, முதலில் வெப்பத்தைக் குறைத்து, அதன் பிறகு மட்டுமே விசிறியில் கைவைத்தால், படுக்கையறைக்கு அடுத்த அறையில் வைக்கும் அளவுக்கு இதை அடக்கிவிட முடியும். நானும் முதலில் இந்த வரிசையை மாற்றிச் செய்துதான் சிக்கலில் மாட்டினேன்.

எதை வாங்குவது

ரேக் என்னும் சட்டகத்தில் பொருத்தும் 1யு (ஓரலகு உயர) சர்வரின் உயரம் 44.45 மி.மீ. மட்டுமே. அதற்குள் 40 மி.மீ. விசிறிக்குத்தான் இடமுண்டு, வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் அடர்த்தியான ஹீட்சிங்குகளுக்கு இடையே காற்றைத் தள்ள அந்தச் சின்ன விசிறி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல வேண்டியிருக்கிறது. சுவரைத் தாண்டி வரும் அந்தக் கீச்சொலியை எந்த மென்பொருளாலும் முழுவதுமாகப் போக்க முடியாது. 2யு பெட்டிகளில் பொதுவாக 60 மி.மீ. விசிறிகள் இருப்பதால் ஓரளவு சமாளிக்கலாம். வீட்டுக்கு ஏற்றது நிமிர்ந்து நிற்கும் டவர் வகைதான்: டெல் பவர்எட்ஜின் டி வரிசை, ஹெச்பி புரோலயன்ட்டின் எம்எல் வரிசை போன்றவற்றில் பெரிய விசிறிகள் இருக்கும், அவை மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தந்துவிடும்.

1யு பெட்டிதான் கைக்குக் கிடைத்தது என்றால், மதர்போர்டையும் பிராசஸரையும் ரேமையும் மட்டும் எடுத்து வேறு கேபினெட்டில் பொருத்தும் வழி உண்டு. சூப்பர்மைக்ரோ போர்டுகளில் பல, சாதாரண கேபினெட்டுகளுக்கான ஏடிஎக்ஸ் அல்லது இ-ஏடிஎக்ஸ் அளவில் இருப்பதால் இதற்கு ஒத்துவரும். டெல், ஹெச்பி ரேக் சர்வர் போர்டுகளின் வடிவமும் மின் இணைப்பான்களும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. அவற்றைப் பிரித்தெடுத்தால் கையில் மிஞ்சுவது உதிரி பாகம்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: பிராசஸர் உட்காரும் எல்ஜிஏ 2011-3 சாக்கெட்டில் கூலர் பொருத்தும் துளைகள் இரு வகையாக வருகின்றன. சதுர வகையில் துளை இடைவெளி 80 × 80 மி.மீ., குறுகிய வகையில் 56 × 94 மி.மீ. ஒன்றுக்கான கூலர் மற்றதில் உட்காராது. நாக்டுவா என்எச்-யு9டிஎக்ஸ் ஐ4 போன்ற சர்வர் கூலர்களில் இரண்டுக்குமான பிடிப்பான்கள் உண்டு.

தலைமுறையைப் பொறுத்தவரை, 2014-இல் வந்த இன்டெலின் ஸியான் இ5-2600 வி3 பிராசஸர்களுக்கு முந்தையவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். வி3, வி4 இரண்டுமே பெரும்பாலும் டிடிஆர்4 ரேமுடன் வருகின்றன. முடிந்தால் எண்ணுக்குப் பின்னால் எல் வரும் மாதிரியைத் தேடுங்கள். 10 கோர்கள் கொண்ட இ5-2630எல் வி4-இன் வெப்ப வரம்பு 55 வாட் மட்டுமே.

மாற்றுவதற்கு முன் சோதனை

பெட்டி வந்ததும் எதையும் கழற்றாமல் அப்படியே ஒரு நாள் ஓட்டுங்கள். ரேமை மெம்டெஸ்ட்86+ கொண்டு இரவு முழுவதும் சோதித்து, டிஸ்குகள் தங்கள் நிலையைத் தாமே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவைப் படித்து, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து, சிஆர்2032 பேட்டரியை மாற்றிவிடுங்கள். டிஸ்குகளைத் தொகுத்து ஆளும் ரெய்டு அட்டையில் பேட்டரி இருந்தால் அது உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். சேமிப்பக அமைப்புகளிலிருந்து வந்த எஸ்ஏஎஸ் (நிறுவன வகை இணைப்பு கொண்ட) டிஸ்குகள் சில 520 பைட் செக்டர்களாக, அதாவது சேமிப்புத் துண்டுகளாக, பிரிக்கப்பட்டிருக்கும். இயங்குதளம் டிஸ்கைக் காட்டும், ஆனால் எழுத விடாது. எஸ்ஜி-ஃபார்மட் என்ற கருவியால் 512 பைட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும்.

வெப்பத்தைக் குறைத்தல்

சுவர் பிளக்குக்கும் சர்வருக்கும் இடையே ஒரு வாட்மீட்டரை மாட்டி, சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று குறித்துக்கொண்டு தொடங்குங்கள். இடைவிடாமல் 100 வாட் இழுக்கும் சர்வர் ஆண்டுக்கு 876 யூனிட் மின்சாரம் எடுக்கும். அத்தனையும் வெப்பமாகி அந்த அறையிலேயே வெளிப்படும். ஆகவே இங்கே குறைக்கும் ஒவ்வொரு வாட்டும் மின்கட்டணத்திலும் விசிறி வேகத்திலும் சேர்ந்தே பலன் தரும்.

இரண்டு பிராசஸர் உள்ள போர்டில் ஒன்றை எடுத்துவிடுவதே பெரிய லாபம். எடுக்கும் முன் போர்டின் கையேட்டைப் பாருங்கள், ஏனென்றால் இரண்டாவது சாக்கெட்டுடன் அதன் ரேம் இடங்களும் சில பிசிஐ எக்ஸ்பிரஸ் இடங்களும் செயலிழக்கும். எல்ஜிஏ சாக்கெட்டில் ஊசிகள் போர்டின் பக்கம் இருப்பதால், பிளாஸ்டிக் மூடி போடாமல் திறந்து வைக்காதீர்கள். காற்றுப்பாதையைச் சமன்செய்ய அந்த இடத்துக்கென்று வெற்று அடைப்பு தரப்பட்டிருந்தால் அதையும் பொருத்துங்கள்.

அடுத்து டிஸ்குகள். நிமிடத்துக்கு 10,000, 15,000 சுற்றுகள் சுழலும் பழைய எஸ்ஏஎஸ் டிஸ்குகளுக்கு வீட்டில் வேலையே இல்லை. எட்டுச் சிறிய டிஸ்குகளுக்குப் பதிலாக, இயங்குதளத்துக்கு ஒரு எஸ்எஸ்டியும் சேமிப்புக்கு இரண்டோ மூன்றோ பெரிய டிஸ்குகளும் போதும். பயாஸில் மின் அமைப்பை அதிகபட்சச் செயல்திறனிலிருந்து சமநிலைக்கு மாற்றி, வேலையில்லாதபோது பிராசஸரை உறங்கவைக்கும் சி-ஸ்டேட்டுகளை இயக்கிவிடுங்கள். இரட்டை மின்வழங்கிகளில் ஒன்றை உருவிவிடலாம். வீட்டில் இரண்டும் ஒரே பிளக் வரிசையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன.

விசிறிகளை அடக்குதல்

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் விசிறி இழுக்கும் மின்திறன் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கி, சத்தமும் ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும். மேலே சொன்ன சிக்கனம் எல்லாம் இந்தப் பாதி வேகத்தை எட்டுவதற்காகத்தான்.

டெல்லின் 12, 13-ஆம் தலைமுறை சர்வர்களில், சர்வரின் தொலைநிர்வாகப் பகுதியோடு பேசும் ஐபிஎம்ஐடூல் என்ற கருவி வழியாக இரண்டு கட்டளைகள் அனுப்பி விசிறியைக் கையில் எடுக்கலாம்: முதலாவது தானியங்கிக் கட்டுப்பாட்டை நிறுத்தும், இரண்டாவது வேகச் சதவீதத்தைச் சொல்லும். 14-ஆம் தலைமுறையின் பிந்தைய ஃபர்ம்வேர் (உள்மென்பொருள்) பதிப்புகளில் இந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது. இங்கே பலரும் இடறும் ஒரு இடம் உண்டு. சதவீதத்தைப் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணாகக் கொடுக்க வேண்டும்; 20 சதவீதத்துக்கு 14 என்று எழுத வேண்டும். 20 என்றே எழுதினால் விசிறி 32 சதவீதத்தில் சுழலும், குறைத்த பிறகும் ஏன் இரைகிறது என்று புரியாது. இந்தக் கட்டளையை ஒரு சிறு ஸ்கிரிப்டில் வைத்து, பிராசஸர் 70 டிகிரியைத் தொட்டால் கட்டுப்பாட்டைத் தானியங்கிக்கே திருப்பிக் கொடுக்கும்படி எழுதுங்கள். அந்தப் பாதுகாப்பு இல்லாத ஸ்கிரிப்டை ஒருநாளும் ஓடவிடாதீர்கள்.

சூப்பர்மைக்ரோ போர்டில் மெதுவான விசிறியைப் பொருத்தினால் வேறொரு தொல்லை வரும். வேகம் எச்சரிக்கை வரம்புக்குக் கீழே போனதும், விசிறி பழுதாகிவிட்டது என்று போர்டு முடிவுகட்டி எல்லா விசிறிகளையும் முழு வேகத்துக்கு ஏற்றும். வேகம் ஏறியதும் பழுது நீங்கிற்று என்று இறக்கும். சில நொடிகளில் மறுபடி ஏற்றும். மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும் ஓசை கேட்டால் விசிறியைக் குறை சொல்லாமல், ஐபிஎம்ஐடூலில் அந்தக் கீழ்வரம்பு எண்களைக் குறைத்துவிடுங்கள்.

இனி நான் செய்த தவறு. முதல் சர்வரில் விசிறியை இறக்கியதும் பிராசஸர் 45 டிகிரியில் நின்றது. எல்லாம் முடிந்தது என்று நம்பிவிட்டேன். மூன்றாம் இரவு பெரிய அளவில் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டிருந்தபோது டிஸ்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மூடியைத் திறந்து, டிஸ்குகளை இணைக்கும் ஹெச்பிஏ அட்டையின் ஹீட்சிங்கில் விரலை வைத்தேன். ஒரு நொடிகூட வைத்திருக்க முடியவில்லை. எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற அட்டைகளுக்குச் சொந்த விசிறி கிடையாது, பெட்டிக்குள் வீசும் காற்றையே அவை நம்பியிருக்கின்றன. அந்த ஹீட்சிங்கின் மேல் மெதுவாகச் சுழலும் 40 மி.மீ. விசிறி ஒன்றை நைலான் பட்டையால் கட்டிய பிறகு அந்தக் கோளாறு திரும்பவில்லை. 10 கிகாபிட் நெட்வொர்க் அட்டைகள், சிப்செட், ரேம் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

விசிறி அடங்கிய பிறகுதான் டிஸ்குகளின் உறுமல் காதில் விழும். 7,200 சுற்று டிஸ்க் 120 ஹெர்ட்ஸில் அதிரும். உள்ளீடற்ற மர அலமாரி அதை வாங்கிப் பெரிதாக்கும். டிஸ்குகளை ரப்பர் வளையங்களில் பொருத்தி, பெட்டியைத் தடித்த ரப்பர் விரிப்பின் மேல் தரையில் வையுங்கள். சத்தத்துக்குப் பயந்து மூடிய அலமாரிக்குள் தள்ளினால் வெப்பம் ஏறி விசிறிகள் மறுபடி இரையத் தொடங்கும்.

ஐடிராக், ஐஎல்ஓ போன்ற தொலைநிர்வாகப் பகுதியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். அதை இணையத்தை நோக்கித் திறந்து வைக்கவே கூடாது.

கடைசியாக, மூடியை மூடி, நாளின் வெப்பமான வேளையில் பிராசஸருக்கும் டிஸ்குகளுக்கும் ஒரு மணி நேரம் முழுச் சுமை கொடுத்து, ஒவ்வொரு உணரியின் வெப்பநிலையையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதே சுமையில் பெட்டியின் முன்புறக் காற்றுவழியை ஒரு அட்டையால் பாதி மறைத்து, ஸ்கிரிப்ட் உண்மையிலேயே கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுக்கிறதா, விசிறிகள் வேகமெடுக்கின்றனவா என்று அருகில் நின்று கேளுங்கள். வேகமெடுக்கவில்லை என்றால் அட்டையை எடுத்துவிட்டு ஸ்கிரிப்டைத் திருத்துங்கள். அது சரியாகும் வரை டிஸ்குகளில் உங்கள் கோப்புகளை வைக்காதீர்கள்.