தவறான விடைக்கு எதிரே ஒரு வரி

பைத்தான் நிரல்மொழி வகுப்புக்கு மாணவர்களே விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாடி வினா எழுதும்போது, ஒவ்வொரு தவறான விடைக்கும் எதிரே "என்ன குழப்பத்தில் இதைத் தேர்வார்கள்?" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத வரவில்லையா, அந்த விடையை அடித்துவிடலாம்.

-7 // 2 எவ்வளவு? சரியான விடை -4. // என்ற குறி வகுத்து, விடையைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கும். -3 என்பவர் சி, ஜாவா நிரல்மொழிகளின் பழக்கத்தில் பின்னத்தை வெட்டியவர். -3.5 என்பவர் ஒற்றைச் சாய்கோடாக, அதாவது சாதாரண வகுத்தலாகப் படித்தவர். 12 என்று ஒன்றைப் போட்டால் யாரும் தொடமாட்டார்கள், இடத்தை அடைப்பதுதான் மிச்சம்.

பிரான்சின் தீவான ரீயூனியனில், தவறான விடைக்கு ஏற்ற நல்ல கண்ணி ஒன்று கைவசமே உண்டு: பிரெஞ்சு முறையில் தசமத்துக்குக் காற்புள்ளி. அ = 3,5 என்று எழுதினால் பைத்தான் பிழை காட்டாது; சத்தமில்லாமல் (3, 5) என்ற டியூப்பிள், அதாவது இரண்டு எண்களின் தொகுப்பு, ஆக்கிவிடும்.

குழப்பத்தைச் சொல்லும் அந்த வரி இருந்தால், வினாக்களைச் சரிபார்ப்பவர் எதைத் திருத்துவது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் முதலில் அந்த வரியை மறைத்துவிட்டுத் தானே விடை சொல்லி, பிறகு நிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய பதிப்பான பைத்தான் 2-இல் -7 / 2 கூட -4 தான். பதிப்பை வினாவிலேயே குறியுங்கள்.

நிரல் எழுதச் சொல்லும் வினாக்களுக்கு இது உதவாது.