ஜவ்வாது மலையில் கூடாரமிட்டு இருண்ட வானம் பார்ப்பது எப்படி

நட்சத்திரம் பார்ப்பதற்காகக் கூடாரம் வாங்குவோர் பலரும் அடர்ந்த காட்டுக்குள் தங்குவதையே கனவு காண்கிறார்கள். உண்மையில் அடர்காடு வானம் பார்க்க ஏற்ற இடம் அன்று. தலைக்கு மேல் கிளைகள் மூடிய இடத்தில் எவ்வளவு இருட்டு இருந்தாலும் கண்ணுக்குக் கிடைப்பவை கைக்குட்டை அளவு வானமும் நான்கைந்து நட்சத்திரங்களும்தான். தேவைப்படுவது காட்டின் ஓரம்: அறுவடை முடிந்த சாமைக் கொல்லையோ, நாற்புறமும் தொடுவானம் தெரியும் பாறைத் திட்டோ போதும். திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில் பரந்திருக்கும் ஜவ்வாது மலையில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு. இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு ஆய்வகம் 1960களின் இறுதியில் காவலூரில் அமைந்ததற்கு இந்த இருட்டும் ஒரு காரணம். ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்திலுள்ள அந்த ஆய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கு, யுரேனஸ் கோளின் வளையங்கள் 1977-இல் கண்டறியப்பட்டதில் பங்கு உண்டு.

முதல் வேலை அனுமதி. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் இசைவின்றி நுழைவதும் இரவு தங்குவதும் சட்டப்படி குற்றம். ஆகவே அந்தப் பகுதியின் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து, எங்கே தங்கலாம் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மலைவாழ் மக்களின் பட்டா நிலத்தில் தங்குவதானால், நிலத்துக்குரியவரிடமும் ஊர்ப் பெரியவரிடமும் பகலிலேயே நேரில் சென்று பேசுவதே முறை. இரவில் முகம் தெரியாத கூடாரம் ஒன்று கொல்லையில் முளைத்தால் எந்த ஊரும் அதை நல்ல விதமாக எடுத்துக்கொள்ளாது. ஊர்க்காரர் ஒருவரைக் கூலி கொடுத்துத் துணைக்கு வைத்துக்கொள்வது செலவாகத் தோன்றலாம். ஆனால் எந்த ஓடையோரம் கரடி வரும், எந்தப் பாறையில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

நாளைத் தேர்ந்தெடுக்க வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதுமானது. அமாவாசைக்கு மூன்று நான்கு நாள் முன்னும் பின்னும் இரவின் பெரும்பகுதி இருட்டாக இருக்கும். அதைத் தவறவிட்டால், வளர்பிறை அஷ்டமி வரை நள்ளிரவு வாக்கில் நிலவு மறைந்துவிடுவதால் விடியற்காலை வானமாவது மிஞ்சும். ஜூன் முதல் டிசம்பர் வரை இரு பருவமழைகளின் மேகமும் மாறி மாறிக் குறுக்கிடும். எனவே ஜனவரி தொடங்கி மார்ச் முடிய உள்ள மாதங்களே நம்பத்தக்கவை. என்னைக் கேட்டால் மாசி மாதத்துச் சிவராத்திரியையே சொல்வேன்: அமாவாசைக்கு முந்தைய இரவு என்பதால் தேய்ந்த நிலவு விடியும் தறுவாயில்தான் எழும். கண்விழிப்பவருக்கு இதைவிட நல்ல இரவு இல்லை, தங்கும் ஊரின் கோயிலில் குழல்விளக்குகளும் ஒலிபெருக்கியும் கட்டாதிருந்தால்.

இந்தப் பருவத்துக்கு ஒரு விலையும் உண்டு. வானம் தெளியும் அதே மாதங்களில்தான் புல்லும் சருகும் காய்ந்து காடு தீப்பிடிக்கக் காத்திருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் உயிரிழந்தனர். அபாயம் மிகும் வாரங்களில் வனத்துறை மலையேற்றத்தை நிறுத்தி வைப்பது வழக்கம்; அப்போது பயணத்தைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறு வழி தேடக் கூடாது. அனுமதி கிடைத்த நாளிலும் விறகு மூட்டிக் குளிர்காயும் ஆசையை விட்டுவிட வேண்டும். தீ அபாயம் ஒருபுறமிருக்க, நெருப்பைப் பார்த்த கண் அடுத்த அரைமணி நேரத்துக்கு மங்கலான நட்சத்திரங்களைக் காணாது. புளியோதரை, சப்பாத்தி போன்றவற்றைக் கட்டிக்கொண்டு போனால் அடுப்பே தேவையில்லை. தேநீர் வேண்டுமானால் பிளாஸ்க் இருக்கிறது. குடிநீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து லிட்டர் வீதம் கீழிருந்தே கொண்டுசெல்வது நல்லது.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூருக்குச் சாலை செல்கிறது. பிற்பகல் நான்கு மணிக்குள் இடத்தை அடைந்துவிட வேண்டும், ஏனெனில் கூடாரம் அடிக்கும் நிலத்தை வெளிச்சத்தில்தான் ஆராய முடியும். கறையான் புற்றின் அருகே கூடாரம் கூடாது: புற்றைக் கிளறக் கரடி வரும், உள்ளே பாம்பும் இருக்கலாம். பழுத்த பலாவும் பூச்சொரியும் இலுப்பையும் கரடிக்கு விருந்து என்பதால் அவற்றின் அடியும் ஆகாது. வறண்டு கிடந்தாலும் ஓடைப் படுகை வேண்டாம். மலைத்தேனீ இரவிலும் விளக்கொளியை நாடி வரக்கூடியது. கூடு கண்ணில் பட்டால் வேறிடம் பார்ப்பதே புத்திசாலித்தனம். தார்ப்பாய் விரித்து வெட்டவெளியில் தூங்குவது இனிமைதான், ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் தூங்குபவரை அது கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது. கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் மூடி வைத்து, காலணியை உதறிவிட்டு அணிய வேண்டும். பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறுவதோ கயிறு கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும், அல்லது கையிலுள்ள வண்டியில் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கைப்பேசி சமிக்ஞை எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதை வந்தவுடனேயே பார்த்து வைப்பது இதற்காகத்தான்.

இருட்டத் தொடங்கியதும் வெளிச்சத்துக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து ரப்பர் வளையம் போட்டால், வழி தெரியும் அளவு ஒளி கிடைக்கும், கண்ணின் இருட்டுப் பழக்கமும் கெடாது. எல்லாரும் மறப்பது காரின் உள்விளக்கை: யாரோ தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்த ஒரு நொடியில் அரைமணி நேரப் பொறுமை வீணாகிவிடும். அதை முன்பே அணைத்து வைக்கவும். ஆய்வகத்தின் அருகில் தங்க நேர்ந்தால் குவிமாடங்கள் இருக்கும் பக்கம் எந்த விளக்கையும் திருப்ப வேண்டாம்.

பிப்ரவரி இறுதியில் இரவு எட்டு மணிக்குத் தெற்கே நின்று பார்த்தால், தொடுவானத்திலிருந்து சுமார் 25 பாகை உயரத்தில் அகத்திய நட்சத்திரம் தெரியும். அதற்கு மேலே வெகு உயரத்தில் இருப்பது சிரியஸ். உச்சியை ஒட்டித் திருவாதிரையும், வேட்டைக்காரன் (ஓரியன்) என்னும் நட்சத்திரக் கூட்டத்தின் இடைக்கச்சையான மூன்று நட்சத்திரங்களும் நிற்கும். கச்சைக்குக் கீழே புகைபோலத் தெரியும் திட்டு நட்சத்திரங்கள் பிறக்கும் மேகம். 7×50 அல்லது 10×50 பைனாகுலர் ஒன்று இருந்தால் தொலைநோக்கிக்கு ஏங்க வேண்டியதில்லை. கார்த்திகைக் கூட்டத்தையும், வெறுங்கண்ணுக்கு மங்கலாய்த் தெரியும் பூசத்தையும் அதில் பார்த்தவர் பிறகு அந்தப் பெயர்களைப் பஞ்சாங்கத்தில் வேறு கண்ணால் வாசிப்பார். வடமீன் இங்கே சுமார் 12 பாகை உயரத்தில்தான் நிற்பதால் பெரும்பாலும் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்த இழப்புக்கு ஈடாகத் தெற்கு வானம் கிடைக்கிறது: நள்ளிரவு தாண்டி இரண்டு மணி அளவில் தென்சிலுவை நேர் தெற்கில் நிற்கும். மூன்றரை மணிக்கு எழுந்தால் தென்கிழக்கில் விருச்சிகத்தின் வாலையொட்டிப் பால்வீதியின் அடர்ந்த மையப்பகுதி ஏறி வருவதைக் காணலாம். ஐந்தே காலுக்குள் வைகறை வெளுப்பு பரவிவிடும் என்பதால், முன்னிரவில் பத்து மணிக்கே படுத்து எழுவது நல்லது. அந்நேரப் பனியில் கூடாரத் துணியே நனைந்து சொட்டும். கம்பளியும் குல்லாவும் எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம், லென்ஸைத் துணியால் மூடி வைக்கவும்.

காலையில் எடுத்து வந்த குப்பையை முழுதும் திரும்பக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். வீடு சேர்ந்த பிறகும் ஒன்றில் கவனம் தேவை. வேலூர் வட்டாரத்தில், குறிப்பாகக் குளிர்மாதங்களில், புல்புதர்களிலுள்ள நுண்ணிய பூச்சிகள் கடிப்பதால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் உண்டு. முழுக்கால் உடையும் சாக்ஸும் அணிந்து, புல்மேல் நேரடியாக உட்காராமல் இருந்தாலும் கடிபடலாம். பயணம் முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்டதுபோன்ற கருத்த பொருக்கு உள்ளதா என்று பார்த்து, மலையில் தங்கியிருந்ததை மருத்துவரிடம் தாமதிக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.