பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு எதுவரை செய்வது? நீலகிரிப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிசல்ட் வருவதற்கு முன்பே கோவையில் ஒரு தனியார் கல்லூரிக்கு முன்பணம் கட்டி சீட்டைப் பிடித்துவைப்பதுதான் முதல் தவறு. அப்படிக் கல்லூரியே நேரடியாகத் தரும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தில் சேர்ந்தால், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வின் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதுவும் போய்விடும். கட்டியே தீருவீர்கள் என்றால் ரசீது வாங்குங்கள். அசல் மதிப்பெண் பட்டியலையும் டிசியையும் மட்டும் ஒப்படைத்துவிடாதீர்கள். வேறு இடம் கிடைக்கும்போது அவற்றை மீட்க அலைய வேண்டியிருக்கும்.

ஊட்டியிலும் கூடலூரிலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்க, "உள்ளூரில் படித்தால் மதிப்பில்லை" என்று பி.காம். படிக்க மலைக்குக் கீழே அனுப்புவதும் உண்டு. பக்கத்து வீட்டுக்காகச் செய்யும் செலவு அது.

அடுத்தது பணக் கணக்கு. ஃபீஸை மட்டும் பார்த்து இறங்கிவிடுகிறார்கள். ஊட்டி, கோத்தகிரியிலிருந்து கோவைக்குத் தினமும் போய்வருவது நடக்கிற காரியமில்லை. விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், ஊருக்கு வந்துபோகும் பஸ் செலவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு செமஸ்டருக்கு எழுதுங்கள். பொறியியல் என்றால் எட்டால், பி.காம். போன்ற மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்றால் ஆறால் பெருக்குங்கள். தேயிலைக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஃபேக்டரியிலிருந்து பச்சைத் தேயிலைக்கான பணம் மாதாமாதம்தான் வரும். கல்லூரியோ மொத்தமாகக் கேட்கும். முதல் செமஸ்டரை எப்படியோ கட்டிவிடலாம். இரண்டாவது செமஸ்டர் ஃபீஸ் வரும் டிசம்பர், ஜனவரியில்தான் உறைபனி விழுந்து கொழுந்து கருகும், வரத்து குறையும். அப்போது வட்டிக்கு ஓடுவதைவிட, இலை நன்றாக வரும் மாதங்களிலேயே அதற்கென்று ஒரு பங்கை எடுத்துவைப்பது மேல்.

தோட்டத்தை அடமானம் வைப்பதற்கு முன் கல்விக் கடனை விசாரியுங்கள். ரூ.7.5 லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் பணம் கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறும். முடிந்தவரை அந்த வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவருவது பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி. கடன் பிள்ளை பெயரில், நீங்கள் இணைக் கடனாளி. "அவனுக்கு எதுக்குத் தெரியணும்" என்று மறைக்க வேண்டாம். வீட்டால் எவ்வளவு முடியும் என்று கல்லூரிப் பட்டியல் போடும் முன்பே தெரிந்தால், அவர்களே அதற்குத் தக்கபடி தேர்ந்தெடுப்பார்கள்.

பணத்துக்கு இப்படி எல்லை வேண்டும். விண்ணப்ப வேலையிலோ பெற்றோர் சற்று விலகி நிற்பது நல்லது. பிரவுசிங் சென்டர்காரரின் போன் எண்ணைப் பதிவில் கொடுத்துவிட்டு, ஓடிபி வரும் நேரத்தில் அவர் கடையை மூடியிருக்கத் தவிப்பவர்கள் ஏராளம். பிள்ளையின் சொந்த எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். கலந்தாய்வுக்கான கல்லூரி, பாட விருப்பப் பட்டியலை அப்பாவே நிரப்புவது அதைவிட மோசம். மேலிருந்து கீழாகப் பார்த்து, கட்-ஆஃபுக்கு எட்டும் முதல் இடத்தையே ஒதுக்குவார்கள். "பக்கத்தில் இருக்கிறதே" என்று நீங்கள் முதலில் போட்ட கல்லூரி கிடைத்துவிட்டால், ஐந்தாவதாக இருக்கும் பிள்ளை ஆசைப்பட்ட பாடத்தை யாரும் பார்க்கமாட்டார்கள்.

வங்கிக் கணக்கையும் பிள்ளை பெயரிலேயே தொடங்கி ஆதார் எண்ணை இணைத்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ரூ.1000 அந்தக் கணக்கில்தான் வரும்.