நாய்க்கு 'உட்கார்' பழக்குவது: சத்தம் முதலில், தீனி பிறகு

தேவை: ஒரு க்ளிக்கர் (அமுக்கினால் 'க்ளிக்' என ஒலிக்கும் சிறு கருவி), உப்பும் மசாலாவும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி, பட்டாணி அளவில் 40 துண்டு. க்ளிக்கர் கிடைக்காவிட்டால் அமுக்கினால் 'டிக்' என்னும் பேனா போதும். பிஸ்கட் வேண்டாம், கடித்து முடிப்பதற்குள் கவனம் போய்விடும். சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன் தொடங்குங்கள்.

படி 1: க்ளிக் செய்யுங்கள், உடனே ஒரு துண்டு கொடுங்கள். 15 முதல் 20 முறை. நாய் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டுச் சட்டெனத் திரும்பினால், பதிந்துவிட்டது.

பலரும் சறுக்குவது இங்கேதான். க்ளிக் செய்யும்போதே கை தீனிப் பைக்குள் போயிருக்கும். நாய் கையைத்தான் கவனிக்கும், சத்தத்தை அல்ல. ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் ஆய்வகத்தில், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவி ஒலித்த பிறகு நாய்களுக்குத் தீனி வந்தது. அதனால்தான் ஒலிக்கே எச்சில் ஊறியது. வரிசையைத் திருப்பிப் போட்டால் ஒலி ஒட்டாது. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். க்ளிக் கேட்ட பிறகே கை அசையட்டும். நாயிடம் போகுமுன் ஒரு பந்தைக் கீழே போட்டு, அது தரையைத் தொடும் கணத்தில் அமுக்கிப் பழகுங்கள்.

படி 2: துண்டை மூக்குக்கு மேலே, தலைக்குப் பின்னோக்கி நகர்த்துங்கள். பின்புறம் தரையில் பட்ட கணமே க்ளிக். எழுந்த பிறகு அமுக்கினால் எழுவதற்குத்தான் கூலி கொடுக்கிறீர்கள். ஐந்தாறு முறைக்குப் பின் வெறுங்கையால் அதே சைகை. பத்துக்கு எட்டு முறை உட்கார்ந்த பிறகே, சைகைக்கு முன்னால் 'உட்கார்' என்று சொல்லுங்கள். அதுவரை பேசாதீர்கள். ஒரு தடவைக்கு 3 நிமிடம் போதும்.

படி 3: நன்றாகப் பழகியதும் ஒவ்வொரு முறையும் தீனி தராமல், இடைவெளி விட்டு, கணிக்க முடியாதபடி கொடுங்கள். அவ்வப்போது மட்டும் பலன் கிடைத்த பழக்கம் எளிதில் மறையாது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைகள் காட்டின. நாம் சாப்பிடும்போது குரைத்து அவ்வப்போது ஒரு வாய் பெறும் நாயின் குரைப்பையும் இதே விதிதான் வளர்க்கிறது. கொடுப்பதை நிறுத்தியதும் குரைப்பு முதலில் கூடும். பொறுக்காமல் அப்போது ஒரு வாய் போட்டால், இன்னும் உரக்கக் குரைக்கவே கற்றுக்கொடுத்ததாகும். வீட்டில் ஒருவர்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. தாத்தா ஒருவர் ரகசியமாகக் கொடுத்தாலும் கணக்கு அதுவே.

பின்சேர்க்கை: க்ளிக் சத்தத்துக்கே மிரளும் நாய் என்றால் க்ளிக்கரைத் தடித்த துணியில் சுற்றி அமுக்குங்கள். அதற்கும் ஒதுங்கினால் 'சபாஷ்' என்ற சொல்லை, எப்போதும் ஒரே தொனியில், அந்த இடத்தில் வைத்துப் படி 1-லிருந்து மறுபடி தொடங்குங்கள்.