லீஸ் குறைந்த பிளாட்டை வாங்கி விற்பது எப்படி? கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

தமிழ்நாட்டில் ‘லீஸுக்கு வீடு’ என்றால் ஒத்திக்கு எடுப்பது. மொத்தமாகப் பணம் கொடுத்துக் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லீஸ்ஹோல்ட் என்பது வேறு. பிளாட்டை, அதாவது அடுக்குமாடி வீட்டை, விலைக்குத்தான் வாங்குகிறீர்கள், ஆனால் 99, 125 என்று எழுதிவைத்த ஆண்டுகளுக்கு மட்டும். நிலம் அதன் நிரந்தர உரிமையாளரான ஃப்ரீஹோல்டருடையது.

ஆண்டுகள் கரையக் கரைய விலையும் கரையும். 70 ஆண்டுக்குக் கீழே போனால் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும். ரொக்கம் வைத்திருப்பவர்தான் வாங்க வருவார், அவரும் அடித்துப் பேசுவார். அப்படிப்பட்ட பிளாட்டை வாங்கி, லீஸை நீட்டி, கடன் கிடைக்கிற வீடாக்கி விற்பதுதான் இந்தத் தொழில்.

படி 1: ஆண்டுகளை நீங்களே எண்ணுங்கள்

விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். சொத்துப் பதிவு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் லீஸ் நகலை வாங்கி, காலம் எந்தத் தேதியில் தொடங்கியது என்று பாருங்கள். ஃப்ரீஹோல்டருக்கு ஆண்டுதோறும் கட்டும் நில வாடகையான கிரவுண்ட் ரென்ட் எவ்வளவு, எப்போது உயர்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: நீட்டிக்க எவ்வளவு ஆகும்?

பணம் பிழைப்பதும் போவதும் இங்கேதான். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, மீதமுள்ள காலத்தோடு 90 ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கிரவுண்ட் ரென்டும் இல்லாமல் போகும். அதற்கு ஈடாக ஃப்ரீஹோல்டருக்கு ஒரு தொகை தர வேண்டும். லீஸ் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ‘மேரேஜ் வேல்யூ’ என்ற ஒன்றும் சேரும். நீட்டிப்பதால் கூடும் மதிப்பில் ஃப்ரீஹோல்டரின் இழப்பைக் கழித்து, மிஞ்சுவதில் பாதி அவருக்கு. இதை நீக்கும் சட்டம் 2024இல் நிறைவேறிவிட்டது. ஆனால் நான் இதை எழுதும்போது அந்தப் பகுதி நடைமுறைக்கு வரவில்லை. வரும் என்று நம்பி விலை பேசாதீர்கள்.

ஒரு கணக்கு: 62 ஆண்டு மீதம், கிரவுண்ட் ரென்ட் ஆண்டுக்கு 100 பவுண்ட், நீட்டித்தபின் மதிப்பு 3,00,000 பவுண்ட். குறைந்த லீஸோடு அதன் மதிப்பு 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 62 ஆண்டு கழித்து அவருக்குத் திரும்ப வேண்டிய பிளாட்டை இன்றைய மதிப்புக்குக் குறைக்க வழக்கமான 5 சதவீதக் கழிவு விகிதத்திலும், கிரவுண்ட் ரென்டுக்கு 6 சதவீதத்திலும் போட்டால், ஃப்ரீஹோல்டர் இழப்பது சுமார் 16,000. மேரேஜ் வேல்யூவில் பாதி சுமார் 22,000. ஆக 38,000 பவுண்ட்.

இப்போது விற்கும் விலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 2,40,000க்கு வாங்கினால், இரண்டாவது வீட்டுக்கான கூடுதல் 5 சதவீதத்தோடு இங்கிலாந்தில் ஸ்டாம்ப் டியூட்டி 14,300. வாங்கிய விலை, நீட்டிப்புத் தொகை, ஸ்டாம்ப் டியூட்டி போக மிஞ்சுவது 7,700. இதிலிருந்துதான் உங்கள் சொலிசிட்டர் (சொத்து வழக்கறிஞர்), சர்வேயர் (மதிப்பீட்டாளர்), ஏஜென்ட் கமிஷன், வட்டி, சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்), போதாததற்கு ஃப்ரீஹோல்டர் தரப்பின் நியாயமான சட்ட, மதிப்பீட்டுச் செலவு எல்லாவற்றையும் கட்ட வேண்டும். கையைக் கடிக்கும். அதே பிளாட்டை 2,15,000க்கு வாங்கினால் மிஞ்சுவது 34,450. லாபம் வாங்கும் அன்றே முடிவாகிவிடுகிறது.

படி 3: நோட்டீஸை விற்பவரையே கொடுக்கச் சொல்லுங்கள்

முன்பு இரண்டு ஆண்டு உரிமையாளராக இருந்தால்தான் நீட்டிப்புக் கேட்க முடியும். 2025 ஜனவரி 31 முதல் அந்த நிபந்தனை இல்லை. இருந்தாலும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பெயர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும், அது இழுக்கும். அதனால் விற்பவர் அந்த 1993 சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி நீட்டிப்புக் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, அந்த உரிமையை விற்பனையோடு சேர்த்து உங்களுக்கு மாற்றித்தருவதே நல்லது. நோட்டீஸ் தேதிதான் மதிப்பீட்டுத் தேதி. 80 ஆண்டைத் தொடப்போகும் லீஸுக்கு இந்த ஒரு தேதி பல்லாயிரம் பவுண்டைக் காப்பாற்றும்.

பதில் தர ஃப்ரீஹோல்டருக்குக் குறைந்தது இரண்டு மாதம் உண்டு. அவருடைய எதிர்நோட்டீஸ் வந்தபின் தொகையில் உடன்பாடு இல்லையென்றால், ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். கெடு தப்பினால் கோரிக்கையே விழுந்துவிடும். லீஸ் நீட்டிப்பில் பழகிய சொலிசிட்டரைத்தான் வையுங்கள்.

படி 4: ஏலத்தில் வாங்கினால்

இந்தப் பிளாட்டுகள் அதிகம் ஏலத்துக்குத்தான் வரும். சுத்தியல் விழுந்ததும் ஒப்பந்தம் முடிந்தது. பெரும்பாலும் 10 சதவீதம் உடனே, மீதி 28 நாளில். ஏலத்துக்கான ஆவணங்களை முன்பே சொலிசிட்டரிடம் காட்டுங்கள். கூரை, லிஃப்ட் என்று பெரிய வேலை ஏதாவது வரவிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

படி 5: விற்பது

வாங்கி ஆறு மாதத்துக்குள் விற்றால், உங்களிடம் வாங்குபவருக்குக் கடன் தரச் சில வங்கிகள் மறுக்கும். அந்த மாதங்களின் வட்டியை முதலிலேயே கணக்கில் சேருங்கள். விற்பதற்கென்றே வாங்கியதால், லாபத்தை மூலதன ஆதாயமாக இல்லாமல் தொழில் வருமானமாக வரித்துறை பார்க்கலாம். வாங்குவதற்கு முன்பே கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.